அவள் எடைக்குச் செங்கல்

மாப்பிள்ளையின் காரை ஜாக்கி போட்டுத் தூக்கி, முன்சக்கரத்தைக் கழற்றி, ஷாக் அப்சார்பர் மேல் இருந்த தூசி உறையை விரலால் ஏற்றிப் பார்த்தேன். உள்ளே இருக்க வேண்டிய பம்ப் ஸ்டாப்பைக் காணோம். மூக்குப்பொடி மாதிரி கொஞ்சம் கறுப்புத் தூள் என் உள்ளங்கையில் கொட்டியது.

மாப்பிள்ளை பக்கத்தில் குந்தியிருந்தார். என் தங்கச்சியின் புருஷன். கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுகிறவர். எதையும் சத்தம் வராமல் கீழே வைத்துப் பழகின கை.

"இதுதானா மச்சான் அந்தச் சத்தம்?" என்று கேட்டார்.

இதுதான் என்றேன். பம்ப் ஸ்டாப் என்பது பெரிய சாமான் ஒன்றும் கிடையாது. கையில் அடங்கும், மடிப்பு மடிப்பாக இருக்கும், கெட்டியான ஸ்பஞ்சு போல ஒரு ரப்பர். பள்ளத்தில் வண்டி அமுங்கி, இனி அமுங்க இடமில்லை என்று ஆகும்போது இரும்பும் இரும்பும் மோதிக்கொள்ளாமல் நடுவில் கிடந்து நசுங்குவது அதன் வேலை. அது போய்விட்டால் வண்டி நின்றுவிடாது. பிரேக் பிடிக்கும், விளக்கு எரியும், எல்லாம் நடக்கும். மேட்டில் ஏறி இறங்கும்போது 'தட்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். அதனால்தான் யாரும் அதைச் சட்டை செய்வதில்லை.

நான் கேட்காமலே அவர் சொன்னார். அந்தச் சத்தம் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்ததாம். நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று பாட்டின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு ஓட்டினாராம். இடுப்பு வலி என்று தங்கச்சியை டாக்டரிடம் கூட்டிப்போன அன்றைக்கும் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்ததாம். மாவு மில் பக்கத்து வேகத்தடையில் வண்டி 'தட்' என்று இறங்கியது. அவள் ஒரே ஒரு தடவை கத்தினாள். அதற்கப்புறம் அவளால் உட்கார முடியவில்லை.

புற்றுநோய் முதுகெலும்புக்குள் எப்போதோ புகுந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எலும்பு ரஸ்க் மாதிரி ஆகியிருக்கிறது, தும்மியிருந்தாலும் உடைந்திருக்கும் என்றார் பெரிய டாக்டர். நானும் மாப்பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் நின்றுதான் கேட்டோம். என் காதில் விழுந்தது. அவர் காதில் ஏறவில்லை.

"இதனாலயா மச்சான்?"

"எல்லா வண்டியிலயும் தேயுறதுதான் மாப்பிள்ளை. டாக்டர் சொன்னாரே, கேட்டீங்கல்ல."

தலையை ஆட்டினார். என் உள்ளங்கையில் இருந்த தூளைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். 

இனிமேல் செய்ய ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். தங்கச்சிக்கும் வீட்டுக்குப் போகத்தான் ஆசை. தன் அறையில், தன் கட்டிலில், தெருவைப் பார்த்த ஜன்னல் பக்கம் படுக்க வேண்டும். ஆனால் வண்டியில் ஏற மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஸ்கேன் படம் எடுக்க ஆஸ்பத்திரி வண்டியில் ஒருமுறை கொண்டுபோனபோது உயிர் போய் உயிர் வந்ததாம். அதற்கு இந்தக் கட்டிலிலேயே செத்துவிடலாம் என்றாள். அப்புறம் என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஊர்ல இருக்கிற வண்டிக்கெல்லாம் ஷாக் மாத்துறியே அண்ணே. எனக்கு ஒரு வண்டியக் குலுங்காமப் பண்ணித் தர முடியாதா?"

முடியும் என்று சொல்லிவிட்டேன். வெளியே வராந்தாவுக்கு வந்த பிறகுதான் எப்படி என்று யோசித்தேன்.

மாப்பிள்ளையின் காரிலேயே நாலு சக்கரத்துக்கும் புது பம்ப் ஸ்டாப், புது உறை, பின்னால் இரண்டு ஷாக்கும் புதுசு. ஸ்பிரிங்கைக் கிளாம்ப் போட்டு அமுக்கி, மேல் நட்டைக் கழற்றி, கம்பியைத் துடைத்துப் புதுசை உருவிப் போடுகிற வேலை. நான் தூக்கத்தில்கூடச் செய்வேன். அன்றைக்கு என்னவோ ஒவ்வொரு நட்டையும் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன். ரப்பரைப் பாதியாக வெட்டிப் போட்டால் வண்டி இன்னும் இறங்கிக் கொடுக்கும், மெத்து மெத்தென்று போகும் என்றான் எங்கள் பட்டறை வெல்டர். இறங்கிக் கொடுக்கும்தான். அப்புறம் அடித்தட்டில் போய் இடிக்கும்போது பாதி ரப்பரால் எதைத் தாங்க முடியும்? உன் நாக்கைப் பாதியாக வெட்டினால் பட்டறை மெத்து மெத்தென்று இருக்கும் என்றேன். அவன் கோபப்படவில்லை. என் நிலைமை தெரிந்தவன்.

காலி வண்டி துள்ளும், சுமை ஏறினால் அடங்கும். இது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனால் என் தங்கச்சி எடைக்கு மணல் மூட்டை கட்டிப் பின்சீட்டில் படுக்க வைத்தேன். சின்ன வயதிலிருந்தே அவளைப் பூசணி என்றுதான் கூப்பிடுவோம், அவளும் அந்தப் பேருக்கு 'என்ன' என்று திரும்புவாள். அவள் பின்னால் ஏறினால் என் சைக்கிளின் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். அந்தக் கணக்கில் பெரிய மூட்டை இரண்டு வேண்டியிருந்தது.

வெல்டர் ஓட்டினான். நான் மூட்டைக்குப் பக்கத்தில் கீழே குந்திக்கொண்டு, அதன் அடியில் கையை விட்டு வைத்திருந்தேன். உன் தங்கச்சி வாயை மூடிக்கொண்டு வருவது இதுதான் முதல் தடவை என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது. டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினோம், மறுபடி ஓட்டினோம், மறுபடி இறக்கினோம். மாவு மில் வேகத்தடையில் ஏறி இறங்கியபோது மூட்டை என் கைமேல் ஒருமுறை மூச்சு விட்ட மாதிரி அமுங்கி எழுந்தது. அவ்வளவுதான். சத்தமே இல்லை. இறங்கி வெல்டரின் தோளைத் தட்டினேன்.

மறுநாள் காலையில் மூட்டைகளைப் பட்டறையில் இறக்கிவிட்டு, பின்சீட்டில் மெத்தை போட்டு, ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். தள்ளுகட்டிலில் கழுத்து வரை போர்த்திக் கொண்டுவந்தார்கள். மருந்தில் அவள் முகம் ஊதியிருந்தது, எப்போதும் போல வட்டமாக. போன தடவைகளிலும் அந்த முகத்தைத்தான் பார்த்துவிட்டுப் போனேன்.

வார்டு ஆள் கால் பக்கம் பிடித்தான். நான் தோளுக்கும் இடுப்புக்கும் கீழே கையைக் கொடுத்து, மூச்சைப் பிடித்து, காலை ஊன்றித் தூக்கினேன். தூக்கின வேகத்தில் அவள் என் நெஞ்சுக்கு மேலே போய்விட்டாள். போர்வைக்குள்ளே ஒன்றும் இல்லை. துணியும் எலும்பும்தான்.

"மெதுவா அண்ணே," என்றாள். "பூசணியை எறிஞ்சு ஒடைச்சிடாத."

அவளை மெத்தையில் கிடத்தினேன். வண்டி அமுங்கவே இல்லை. வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. வண்டிகள் அமுங்குவதைப் பார்த்தே வயது போனவன் நான். நேற்றைக்கு மணலுக்கு அடங்கின வண்டி, இவளை வைத்துக்கொண்டு வழி நெடுகத் துள்ளப் போகிறது.

வாசலுக்குப் பக்கத்தில் புதுக் கட்டடத்துக்குச் செங்கல் அடுக்கியிருந்தார்கள். காவல்காரரிடம் போய்க் கெஞ்சினேன். சாயந்திரம் திருப்பிக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். அவர் காரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், எடுத்துக்கோ என்று கையைக் காட்டினார். டிக்கியைத் திறந்து, துணி விரித்து, செங்கல்லைச் சத்தமில்லாமல் அடுக்க ஆரம்பித்தேன்.

எதுக்கு மச்சான் என்று கேட்டார் மாப்பிள்ளை. வண்டி துள்ளாமல் இருக்க வெயிட் வேண்டும், நேற்று மூட்டை போட்டுப் பார்த்தேன், பழைய எடைக்குக் கட்டிவிட்டேன் என்றேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு செங்கல் தூக்க வந்தார். இரண்டு இரண்டாகக் கொண்டுவந்து, கண்ணாடியை வைப்பது போல வைத்தார். பத்து நடை போயிருப்பார். ஒரு நடையில் செங்கல்லை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இறக்கி வைக்காமல் அப்படியே நின்றார். நான் வாங்கி வைத்தேன்.

பின்னால் என்ன ஏத்துறீங்க என்று உள்ளேயிருந்து தங்கச்சி கேட்டாள். வீட்டில் கொஞ்சம் பூச்சு வேலை இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார். நான் வீட்டுக்கு வர்ற நேரத்திலயா பூச்சு வேலை என்று அவள் முணுமுணுத்தாள். நம்பினாளோ என்னவோ.

ஓட்டுவது நான் என்றுதான் பேச்சு. நான் கதவைத் திறந்ததும் அவள் வேண்டாம் என்றாள்.

"அவரே ஓட்டட்டும். நீ எம் பக்கத்துல இரு."

மாப்பிள்ளை முடியாது என்று தலையை ஆட்டினார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். நான் பின்சீட்டுக்கும் முன்சீட்டுக்கும் நடுவில் கீழே குறுகி உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வண்டி நடக்கிற வேகத்தில் போனது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், திட்டினார்கள். மாப்பிள்ளை யாருக்கும் வழி விடவில்லை.

செங்கல் தன் வேலையைச் செய்தது. வண்டி நன்றாகத்தான் அடங்கியிருந்தது. மாவு மில் தெரு வந்ததும் அவர் வேகத்தடைக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டார். 

"ஏத்துங்க. ஒண்ணும் ஆகாது," என்றாள் தங்கச்சி.

முன்சக்கரம் ஏறியது, இறங்கியது. பின்சக்கரம் ஏறியது. இறங்கும்போது புது ரப்பர் அடியை வாங்கிக்கொண்டதை நான் உட்கார்ந்திருந்த இடத்தில் உணர்ந்தேன். 'தட்' இல்லை. எந்தச் சத்தமும் இல்லை. இதைவிட நன்றாக ஒரு வண்டியை நான் செய்ததில்லை.

அவள் நகம் என் உள்ளங்கையில் இறங்கியிருந்தது. கண்ணை இறுக மூடி, உதட்டைக் கடித்திருந்தாள். நெற்றியில் பொட்டுப் பொட்டாக வியர்வை. நான் வாயைத் திறக்கப் போனேன். மூடிய கண்ணோடேயே வேண்டாம் என்று தலையை அசைத்தாள். கொஞ்சம் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள்.

"தாண்டியாச்சா?" என்று கேட்டாள். "எனக்கு ஒண்ணுமே தெரியலியே. தொட்டில் மாதிரி ஓட்டுறீங்க."

முன்னால் மாப்பிள்ளையின் தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. வீடு வந்து சேரும்வரை அவள் என் கையை விடவே இல்லை, பிடி தளரவும் இல்லை.

கட்டிலில் ஜன்னல் பக்கம் படுக்க வைத்தோம். அதில் அவள் ரொம்ப நாள் இருக்கவில்லை. பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் மாப்பிள்ளை அன்றைக்கு வண்டியில் வந்ததைப் பற்றிச் சொல்வார். மச்சான் வண்டியை அப்படிச் செய்து கொடுத்தார், வேகத்தடை ஏறினதே அவளுக்குத் தெரியவில்லை, நீங்களே கேட்டுப் பாருங்கள் என்பார். அவள் ஆமாம் என்பாள். அவர் முகம் அப்போது கொஞ்சம் தெளியும்.

அவள் போன பிறகும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். போன வாரம்கூடப் பட்டறைக்கு வந்து வெல்டரிடம் சொன்னார். ஒரு சொட்டு வலிகூடத் தெரியாமல் வந்தாளாம். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "இல்லியா மச்சான்?" என்றார்.

"ஆமா மாப்பிள்ளை," என்றேன்.