முன் சீட்டில் ஒரு துண்டு

"காதுல ஒண்ணுமில்லாம அனுப்பினா நல்லாவா இருக்கும்?" என்றபடி வைரக்கண்ணு சித்தி ஆனந்தவல்லி அத்தையின் இடது காதில் கவரிங் தோட்டை வைத்துத் திருகப் பார்த்தாள். நிற்கவில்லை. மடல் இரண்டாகக் கிழிந்து கிடந்தது.

"விடுங்க சித்தி. உசுரோட இருந்தப்பவே நிக்கல."

குந்தவை அந்தக் கையை விலக்கிவிட்டு அத்தையின் முந்தானையைச் சரிசெய்தாள். இருபது வருஷத்துக்கு முன்னால் புருஷன் செல்லதுரை தோட்டோடு சேர்த்து இழுத்த காது அது. அதற்கு முன் மூன்று தடவை அடிபட்டு வந்த தங்கச்சியை, பழத்தட்டோடு திருப்பிக் கொண்டுபோய் விட்டவர் குந்தவையின் அப்பா பக்கிரி. நாலாவது தடவை ரத்தம் சொட்டச் சொட்ட வந்தவள் திரும்பிப் போகவே இல்லை.

போன மாசம் படுக்கையில் கிடந்து அத்தை சொன்னாள்: "அவன் கையால ஒரு முழம் பூகூட எம்மேல விழக் கூடாது. உங்கப்பன் மறந்துருவான். நீ மறக்காதடி."

வாசலில் பைக் நின்றது. செல்லதுரைதான். ஹாண்டில்பாரில் ஜவுளிக்கடைப் பை, கையில் மாலை. ஊர்ச்சனம் ஒதுங்கி வழிவிட்டது. இந்த மாதிரி ஆட்களுக்கு மட்டும் எப்படித்தான் தானாக வழி பிறக்குமோ.

"புருஷன் இருக்கைல போயிருக்கு. செவப்புப் புடவை போட்டுச் சுமங்கலியா அனுப்பணும்," என்றார் ஒரு பெரியவர்.

"ரெண்டு நிமிஷம் போட்டுட்டுப் போவட்டும்மா," என்று அப்பா மகளின் காதோடு முணுமுணுத்தார்.

குந்தவை பாடையை மறித்துக்கொண்டு நின்றாள். இப்படி நிற்கும்போதெல்லாம் பக்கத்தில் அத்தை இருப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் உரக்கடைக்காரர் மகன் பைக்கில் பின்னாலேயே வந்தான். காலேஜ் கேட், பஸ் ஸ்டாப், கோயில், எங்கே போனாலும். பிறகு போனில் அவனிடமிருந்து அசிங்கமான படம் வந்தது. களத்தில் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த அத்தையிடம்தான் குந்தவை முதலில் சொன்னாள். 'நீ என்ன பண்ணினே, சிரிச்சியா' என்று அத்தை கேட்கவில்லை.

"யார்கிட்டச் சொல்லலாம்னு நீ நெனைக்கிறே? அவங்ககிட்ட மட்டும் சொல்லுவோம். நாளைக்கு நானும் பஸ்ஸுல வர்றேன். பொம்பளைங்களுக்கு ஓசிதானே, என் காசா போவுது?"

மறுநாளிலிருந்து தினமும் வந்தாள். குந்தவையை ஜன்னலோரம் தள்ளிவிட்டு, வேறு எவனும் பக்கத்தில் நிற்காதபடி ஓரத்தில் காலை அகட்டி உட்கார்ந்துகொள்வாள். மடியில் வறுத்த கடலை. திருவாரூர்வரை ஊர்க்கதை. சாயங்காலம் கேட்டில் அதே மஞ்சள் பையோடு நிற்பாள். கண்டக்டர் பஞ்சநதம் முன் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பார். "அத்தையும் மருமவளும் டிகிரி வாங்காம எறங்க மாட்டீங்க போல!" அத்தை படுத்த பிறகும் துண்டு போடுவதை அவர் விடவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில், "படிக்கிற புள்ளைக்குப் போன் எதுக்கு?" என்று கேட்ட ஏட்டம்மாவிடம், "நீங்க எதுக்கும்மா வெச்சிருக்கீங்க?" என்றாள். புகார் எழுதி முடிக்கும்வரை நாலு மணி நேரம், குந்தவையின் கையை ஒரு தடவைகூட விடவில்லை.

"தள்ளும்மா," என்றான் செல்லதுரை.

"அப்பா," என்றாள் குந்தவை. குரல் உடைந்தது, உடையட்டும். "வேற ஒண்ணும் வேணாம். அந்தக் காத மட்டும் ஒரு தடவ பாருங்க."

பக்கிரி பார்த்தார். இருபது வருஷமாக அந்தப் பக்கம் பார்க்காமலே சோறு தின்றவர். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு எழவுக்கு வாங்கிவைத்திருந்த பிறந்த வீட்டுக் கோடிப் புடவையைப் பிரித்து, தங்கச்சியின் மேல் கழுத்துவரை போர்த்தினார். கிழிந்த மடலை விரலால் ஒருதரம் சேர்த்துப் பிடித்தார். விட்டார்.

"வந்தது சரி மாப்ள..." நிறுத்தினார். "இன்னும் என்ன மாப்ள. கெளம்புங்க."

"ஊரு என்ன சொல்லும்..." என்று இழுத்தான் செல்லதுரை.

"அதான் இத்தினி நாளும் கேட்டேன்ல."

செல்லதுரை மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே பைக்கை எடுத்தான்.

பெண்கள் தெருமுனைவரைதான். குந்தவை அங்கே நின்றாள். பறைச்சத்தம் ஆற்றங்கரைப் பக்கம் திரும்பியது. பாடை கடந்து போகட்டும் என்று எதிரே டவுன் பஸ் நின்றிருந்தது. படியில் நின்ற பஞ்சநதம் அவளைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல அவளுக்குப் பின்னால் தேடினார். பிறகு பாடையைப் பார்த்தார். விசில் ஊத மறந்தார்.

டிரைவரே வண்டியை எடுத்தார். உள்ளே கூட்டம் நெரிந்தது. முன் சீட்டில் துண்டு மட்டும் கிடந்தது.