அண்ணன் தலையை யார் தொடுவது

என் அண்ணன் ஊரார் வழுக்கைக்கெல்லாம் முடி நடுகிறவன். போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறான். அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் எந்தச் சொட்டையும் மாப்பிள்ளையாகிவிடும். அவன் தலையில் இருப்பது டோப்பா என்று எனக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். அண்ணிக்கு மட்டும் தெரியாது என்று இந்தத் துரை நினைத்துக்கொண்டிருந்தார். ராத்திரியானால் கம்பளிக் குல்லா. கேட்டால் சைனஸாம். கொளுத்தும் கோடையிலும் சைனஸ். நான் வாயைத் திறந்ததில்லை. எனக்கெதற்கு வம்பு?

அப்படிப்பட்டவன் காய்ச்சலில் விழுந்தான். டாக்டரிடம் போடா என்றால் கேட்காமல் கடையில் ஏதோ மாத்திரை வாங்கி விழுங்கினான். தலை பிளக்கிறது என்று புலம்பினான். மணிக்கட்டில் சிவப்புப் புள்ளிகள் கிளம்பின. பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது என்னைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்டான். பிறந்ததிலிருந்து என்னை 'ஏய்' என்று கூப்பிட்டவன்.

கொசுக் காய்ச்சல் இல்லை என்று ரத்தப் பரிசோதனை சொல்லிவிட்டது. டாக்டரம்மா அவன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வீட்ல நாய் இருக்கா?"

"என்னோடது இருக்கு. நாய் குளிப்பாட்டுற கடை வச்சிருக்கேன்," என்றேன். "ஆனா இவன் அதைக் கிட்டவே சேர்க்க மாட்டான்."

"ரெண்டுல ஒண்ணு. அவர் போட்ட மாத்திரை ஒத்துக்காம போயிருக்கலாம். அப்படின்னா எல்லா மருந்தையும் நிறுத்தணும். இல்லன்னா இது உண்ணிக் காய்ச்சல். அப்படின்னா இப்பவே மருந்து ஏத்தணும், கிட்னி ஏற்கனவே தடுமாறுது. உண்ணி கடிச்ச இடத்துல சிகரெட் சுட்ட மாதிரி கருப்பா பொருக்கு கட்டியிருக்கும். அது கிடைச்சா சந்தேகமே இல்ல."

அவ்வளவுதான், டாக்டரம்மா, அண்ணி, நான் மூன்று பேரும் தேட ஆரம்பித்தோம். அக்குள், இடுப்பு மடிப்பு, முழங்காலுக்குப் பின்னால், தொப்புள். நாயைச் சோதிக்கிற பழக்கத்தில் நான் கால்விரல் இடுக்குகளையும் விடவில்லை. ஒன்றுமில்லை. டாக்டரம்மாவின் விரல் அவன் பிடரியில் போய் நின்றது.

"இங்க நெறி கட்டியிருக்கு. அப்போ கடி இதுக்கு மேலதான். தலையைப் பார்க்கணும்."

தங்கையையே தெரியாதவனுக்கு அது மட்டும் புரிந்துவிட்டது. இரண்டு கையாலும் தலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"தலைய மட்டும் தொடாதீங்க. வலி தாங்கல."

என்ன வலியென்று எனக்குத் தெரியாதா? படுபாவி, உயிர் போகிற நேரத்திலும் வீம்பு. சொன்னால் அவன் மானம் போகும், சொல்லாவிட்டால் அவனே போய்விடுவான். "அண்ணி, அது வந்து..." என்று இழுத்தேன்.

"நகரு," என்றாள் அண்ணி.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவன் கைகளை மெல்லப் பிரித்து, ஒரு கையால் தன் மடியில் அழுத்திக்கொண்டாள். மற்றொரு கை அவன் காதுக்கு மேலே போனது. தேடவில்லை, தடுமாறவில்லை. இந்தப் பக்கம் ஒரு க்ளிப், அந்தப் பக்கம் ஒன்று, பின்னால் ஒன்று. டோப்பா கழன்று வந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால், பட்டாணி அளவில், கருகருவென்று பொருக்கு.

"கிடைச்சிருச்சு," என்றபடி டாக்டரம்மா மருந்துக்கு ஓடினார். நானும் எதற்கென்று தெரியாமல் பின்னாலேயே ஓடினேன். நடைபாதை முழுக்க அழுகையும் சிரிப்புமாக வந்தது எனக்கு.

மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது அண்ணி கையிலிருந்த டோப்பாவைக் காட்டி மெதுவாகச் சொன்னாள்: "சில நாள் இதை வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி ஒளிச்சு வைப்பார். உன் நாய் அங்கதானே படுக்குது."

அடுத்தடுத்த நாட்களில் காய்ச்சல் இறங்கியது. ஒரு காலையில் கண்ணைத் திறந்து என்னை "ஏய்" என்றான். அந்த ஒரு 'ஏய்'க்கு அவனுக்குச் சொத்தையே எழுதி வைத்திருப்பேன். பிறகு அவன் கை தலைக்குப் போனது. வெறும் தலை. அப்படியே அண்ணியைப் பார்த்தான்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"கல்யாணத்தன்னைக்கே. போட்டோ எடுக்கும்போது காத்தடிச்சுதே."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

அண்ணி பாலை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

அவன் தலையிலிருந்து கையை எடுத்தான். பிறகு, "இங்க அரிக்குது, என்னன்னு பாரு," என்று அவள் பக்கம் தலையைச் சாய்த்தான்.