பிரமராம்பா பாடாத பாட்டு

சேஷகிரி ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தபோது கட்டிலிலிருந்து பாட்டு மறுபடியும் தொடங்கியது. தெருப்பக்கத்து ஜன்னலின் கொக்கி துருவேறி மாட்டவில்லை. உள்ளங்கையால் அடித்துப் பார்த்தார்.

"எதுக்கு நான்னா எல்லாத்தையும் மூடுறீங்க? அம்மாவுக்கு ஏற்கெனவே மூச்சு வாங்குது," என்றாள் மகள் ஸ்ரவந்தி.

"தூசி வருது."

அவள் அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு ஈரத்துணியை மறுபடி பிழிந்தாள்.

சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன, வீட்டுக்கே கூட்டிப்போய்விடுங்கள் என்று குண்டூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தெனாலிக்கு வந்ததிலிருந்து பிரமராம்பாவுக்கு ஆள் தெரியவில்லை. மகளை நர்ஸ் என்று நினைத்தாள். புருஷனைப் பார்த்த கண் அவரைத் தாண்டி சுவருக்குப் போனது. ஆனால் பாடினாள்.

படகை அவிழ்த்துக்கொண்டு போனவளே, கரையை என்ன செய்யச் சொன்னாய்.

அந்தப் பாட்டு சேஷகிரிக்கு நன்றாகத் தெரியும். அந்த வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் கண்டக்டராக வேலைக்குச் சேர்ந்த வருஷம் வந்த படம். காதலி போய்விட்ட பிறகு கதாநாயகன் கிருஷ்ணா நதிக்கரையில் தாடியோடு உட்கார்ந்து பாடுவான். பஸ் நின்ற டீக்கடைகளில் எல்லாம் அதுதான். டிரைவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு சௌக்கியமாக இருந்த ஆள்கூட, தனக்கு என்னமோ போய்விட்டதுபோல மூக்கைச் சிந்துவான். சேஷகிரியும் அழுதிருக்கிறார். அப்போது அவரை விட்டுப்போக யாருமே இருந்ததில்லை.

பிரமராம்பா மட்டும் அதைக் கேட்கமாட்டாள். ரேடியோவில் அந்தப் பாட்டின் வீணை ஆரம்பித்ததுமே ஈரக்கையோடு வந்து திருகி அணைத்துவிடுவாள். குடும்பம் நடக்கிற வீட்டில் அழுகைப் பாட்டு எதற்கு என்பாள். மற்றப் பாட்டுகளையும் அவள் பாடி அவர் கேட்டதில்லை. அவளுக்குப் பாட வரும் என்பதே முந்தாநாள்தான் தெரிந்தது. குரல் கம்மியிருந்தாலும் சுருதி விலகவில்லை. வார்த்தை ஒன்றுகூடத் தவறவில்லை. பலமுறை பாடியவளுக்குத்தான் அப்படி வரும்.

யாருக்காகப் பாடினாள் என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது. கல்யாணத்துக்கு முன்பு அவளுக்கு ஒரு வாழ்க்கை இருந்திருக்கும் என்று அவர் யோசித்ததே இல்லை. அடுத்த அடியில் ஒரு பெயர் வந்துவிடுமோ என்று பயந்தார். அந்தப் பெயரை இனி யாரிடம் கேட்பது, கேட்காமல் எப்படி இருப்பது என்றும் பயந்தார்.

காலையிலேயே அவருடைய அக்கா வகுளம்மா வந்து கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவளே அவள்தான். அவள் காதில் விழாதது எதுவும் கிடையாது. சேஷகிரி டிவியில் வெங்கடேஸ்வர சுவாமி அபிஷேகத்தைப் போட்டு ஒலியைக் கூட்டினார். வகுளம்மா ரிமோட்டை வாங்கிக் குறைத்தாள்.

"என்னடா பாட்டு இது? சாகப்போற நேரத்துல வாயில சாமி பேர் வரணும்."

"காய்ச்சல்ல உளர்றா அக்கா."

"உளர்றவ இப்படித் தாளத்தோட உளறமாட்டா," என்றாள் அவள்.

பாட்டு பாதியில் அறுந்தது. பிரமராம்பா கையை நீட்டி காற்றில் எதையோ பிடிக்கப் பார்த்தாள். சேஷகிரி அந்தக் கையை வாங்கிக்கொண்டார். சூடாக, எடையே இல்லாமல் இருந்தது.

"போகாதே," என்றாள். பிறகு மிகவும் தணிந்த குரலில், "அவருக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா என்னை அனுப்பிடுவாரு" என்றாள்.

அவர் கை தானாகவே விலகியது. அக்காவைப் பார்த்தார். வகுளம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். ஸ்ரவந்தி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கே குழாய் திறக்கும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

மதியம் பிரமராம்பாவின் தம்பி சாம்பசிவம் ரேபல்லேயிலிருந்து வந்தான். செருப்பைக் கழற்றும்போதே பாட்டு அவன் காதில் விழுந்துவிட்டது. ஒரு செருப்போடு அப்படியே நின்றான். சேஷகிரி அதைப் பார்த்தார். இவனுக்குத் தெரியும்.

பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்கு அவனை அழைத்துப்போனார். கேட்க வேண்டாம் என்று ஒரு மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. அவள் போய்விட்டால் பாட்டும் போய்விடும், யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் வாய் கேட்டுவிட்டது.

"யாருடா அவன்?"

சாம்பசிவத்துக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது.

"ஐயோ பாவா, அப்படி எதுவும் இல்ல. அது எங்க அப்பாவோட பாட்டு."

"உங்கப்பாவா?"

"எங்கம்மா சாகல பாவா. போயிட்டா."

அவன் கல்லின் மேல் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி சொன்னான். அம்மா வீட்டை விட்டுப் போனபோது அவன் கைக்குழந்தை, அக்கா பிரமராம்பாவுக்குப் பாவாடை கட்டும் வயது. மீன் வியாபாரத்துக்கு வந்துபோன ஒருத்தனோடு போனாள். காலராவில் செத்தாள் என்று ஊரை விட்டு ஊர் வந்து சொல்லிக்கொண்டார்கள். சில வருஷம் கழித்து அந்தப் படம் வந்தது. அப்பா அதை மறுபடியும் மறுபடியும் போய்ப் பார்த்தார். ராத்திரி குடித்துவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்து பாடுவார், நடுவில் அடி மறந்து நிறுத்திவிடுவார். உள்ளே இருந்து அக்காதான் அடியை எடுத்துக்கொடுக்கவேண்டும். முழுசாகப் பாடி முடித்தால்தான் படுப்பார். முடிக்காத ஒரு ராத்திரி கிணற்றுக்குள் இறங்கிவிட்டார். ஊர் கூடித் தூக்கியது. அதற்கப்புறம் அவருக்கு அடி மறக்குமோ என்று அக்கா தூங்காமல் விழித்திருப்பாள்.

"ஓடிப்போனவ பொண்ணுன்னு தெரிஞ்சா உங்க வீட்ல வெச்சுக்கமாட்டாங்கன்னு அவளுக்கு ஒரே பயம். என்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டா. உங்களுக்குச் சொல்லிடலாமேன்னு ஒருதடவை கேட்டேன். அவர் நல்லவர்தான், அதனாலதான் பயமா இருக்குன்னா."

வேறு ஆள் யாரும் இல்லை என்று தெரிந்துவிட்டது சேஷகிரிக்கு. ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தார். அதைவிட மோசமான ஒரு பயம்தான் வந்தது. பக்கத்திலேயே படுத்து, தட்டில் சோறு போட்டு, பெண்ணைப் பெற்று வளர்த்து, இத்தனை காலமும் அவள் தன்னைப் பார்த்துப் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள். சொல்லவேண்டும். இப்போதே சொல்லவேண்டும். அவளுக்குக் காது கேட்கும்போதே.

உள்ளே ஓடினார்.

மூச்சு மாறியிருந்தது. இழுப்பு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே பயப்படும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. ஸ்ரவந்தி அம்மாவின் தலையை மடியில் வைத்திருந்தாள். வகுளம்மா துளசித் தண்ணீரும் கரண்டியுமாக நின்றாள்.

"பிரமரா," என்று குனிந்தார். "எனக்குத் தெரியும். ஒண்ணும் இல்ல. நீ எங்கயும் போகவேணாம்."

அவள் கண் அவரிடம் வரவில்லை. வார்த்தைகள் அவள்மேல் பட்டு நழுவி விழுந்தன. கரையை என்ன, என்று முனகினாள். கரையை என்ன, கரையை என்ன. அடுத்தது வரவில்லை. புருவம் நெரிந்தது. உதடு துடித்தது. கண்ணில் அவர் அதுவரை பார்த்திராத ஒரு திகில் ஏறியது. அந்தக் கண்ணுக்குள் பாவாடை கட்டிய ஒரு பெண் இருட்டில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேஷகிரிக்குப் பாட வராது. டிக்கெட் கேட்டு கத்திக் கத்தித் தேய்ந்த தொண்டை.

"செய்யச் சொன்னாய்," என்று எடுத்துக்கொடுத்தார். சுருதி எங்கோ போனது. "கயிறு மட்டும் என் கையில் இருக்கிறதே."

அவளுடைய நெற்றி தளர்ந்தது. உதடு அவரோடு சேர்ந்து அசைந்தது, அரை வார்த்தை, கால் வார்த்தை. வகுளம்மா என்னமோ சொல்ல வாயெடுத்தாள். கதவருகில் நின்ற சாம்பசிவம் வேண்டாம் என்று தலையாட்டினான். முதல் சரணம் முடிந்து இரண்டாவது வந்தது. டீக்கடைகளில் கேட்டதெல்லாம் ஒன்றுவிடாமல் வந்தது, வீணை வருகிற இடத்தில்கூட வாயாலேயே இழுத்தார். அவள் கையைத் தன் கையில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு பாடினார்; அவள் விரல்கள் தாளத்துக்கு அசைந்தன.

எந்த அடியில் அவளுடைய விரல்கள் நின்றன என்று அவருக்குத் தெரியும். ஸ்ரவந்தி அம்மாவின் முகத்தின்மேல் குனிந்ததும் தெரிந்தது.

"நான்னா," என்றாள்.

பாட்டு இன்னும் நாலடி இருந்தது. அவர் அவசரப்படாமல் அதைப் பாடி முடித்தார்.