ஆறு ஓட்டை தெரிந்தால் சுடு

காலையில் பீரங்கி மேடைப் பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதியது நான்தான். வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. 'இறக்கைக்கு இரண்டாக நான்கு நீளக் குழாய்கள் துருத்திக்கொண்டிருந்தால் நம் விமானம். இறக்கை விளிம்பில் மும்மூன்றாக ஆறு ஓட்டைகள் தெரிந்தால் சால்வடோர்காரன். சுடு.'

கோர்சேர் விமானத்தை அமெரிக்கர்கள் தங்கள் கடற்படைக்காகச் செய்தார்கள். பழசானதும் ஹோண்டுராஸில் எங்கள் தலையிலும் கட்டினார்கள், எல் சால்வடோரின் தலையிலும் கட்டினார்கள். இந்த ஜூலையில் இரண்டு நாடும் அதே விமானத்தில் ஏறி அடித்துக்கொள்கிறோம். கொடிகூட இருவருக்கும் நீலமும் வெள்ளையும்தான். பறந்து வரும்போது ஆயுதத்தைப் பார்த்துத்தான் ஆளை அறிய வேண்டும். தளத்தில் பதினோரு வருடமாகத் தோட்டா நிரப்புகிறவன் நான். என்னைவிட யாருக்குத் தெரியும் என்ற திமிர்.

கொட்டகையில் எட்டு மாதமாக ஒரு பழைய கோர்சேர் பழுதாகிக் கிடந்தது. அதற்கு ஆறு துப்பாக்கி. மதியம் அதைச் சரிசெய்து கொடுத்தார்கள். என் மனைவி எர்மெலிண்டாவின் தம்பி அமில்கார்தான் விமானி. நானே தோட்டா நிரப்பி, தூசி போகாதபடி ஆறு வாய்களிலும் சிவப்பு நாடா ஒட்டினேன்.

"மச்சான், வந்ததும் சூடா பலேயாதா ரொட்டி வேணும். பீன்ஸை அள்ளி வைக்கச் சொல்லுங்க. அக்கா கை ரொம்பச் சிக்கனம்."

"முதல்ல நீ வந்து சேருடா."

அவன் போனபின் கை கழுவும்போதுதான் அந்தப் பலகை நினைவுக்கு வந்தது. காலைக் குண்டுவீச்சில் தொலைபேசிக் கம்பி அறுந்திருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு குன்றின் மேலிருந்த பீரங்கி மேடைக்கு மிதித்தேன். பாதி வழியில் சங்கிலி கழன்றது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"ஃபாஸ்டோ, ஆறு ஓட்டைன்னா சுடாத."

பீரங்கிக்காரன் ஃபாஸ்டோ என்னை ஏற இறங்கப் பார்த்தான். "காலையில சுடுன்னீங்களே?"

"நம்மகிட்டயும் ஒண்ணு இருக்கு. என் மச்சான் அதுலதான் போயிருக்கான்."

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா? பொண்டாட்டி பேராவது ஞாபகம் இருக்கா?"

பதில் சொல்வதற்குள் மலைக்கு அப்பால் இரைச்சல் கேட்டது. தொலைநோக்கியைப் பிடுங்கினேன். ஒரு கோர்சேர் தாழ்வாக நேரே வந்துகொண்டிருந்தது. ஆறு ஓட்டைகள். சிவப்பைத் தேடினேன். இல்லை, ஆறும் கறுப்பு. அமில்கார் சுட்டிருந்தால் நாடா கிழிந்திருக்கும். எதிரியாக இருந்தாலும் இப்படித்தான் இருக்கும்.

"சீக்கிரம் சொல்லுங்க. யாரு அது?"

சுடச் சொன்னால், எர்மெலிண்டாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்? வேண்டாம் என்று சொல்லி அது எதிரியாக இருந்துவிட்டால், மேடையில் என்னையும் சேர்த்து ஐந்து பேர் உயிர் போகும்.

"சுடாத," என்றேன். தெரிந்து சொல்லவில்லை. பயத்தில் சொன்னேன்.

ஐந்து பேரும் அண்ணாந்து பார்த்தோம். விமானத்தின் சக்கரங்கள் இறங்கின. எங்கள் தலைக்கு மேலே கடந்து, தளத்தின் ஓடுபாதையில் போய் இறங்கியது. நான் மண்ணில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இல்லை.

ஃபாஸ்டோ பலகையைத் துணியால் துடைத்துவிட்டு, சுண்ணக்கட்டியை என்னிடம் நீட்டினான்.

"சரி, இப்ப என்ன எழுதணும்?"

கட்டியை வாங்கிக்கொண்டேன். ஒன்றும் எழுத வரவில்லை. மலைக்கு அப்பால் மறுபடியும் இரைச்சல் கேட்டது.