பியூலாவின் முறை

எழுபத்தெட்டாம் வருடத்தில் நெய்வேலி டவுன்ஷிப்பின் வாலிபர் ஜெபக்கூட்டம், சனிக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவரின் குவார்ட்டர்ஸில் நடக்கும். பாயில் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் முடித்ததும் அடுத்தவர் ஜெபிப்பார். இருபது வயது பியூலாவின் முறை வந்தால் எல்லோரும் காதைத் தீட்டிக்கொள்வார்கள். அவ்வளவு அழகான வார்த்தைகள். அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

ஒரு சனிக்கிழமை அவளுக்கு முந்தின முறை அய்யனாருடையது. மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை செய்பவன், கூட்டத்துக்குப் புதிது. இரண்டு வாரம் மௌனமாக இருந்தவன் அன்றுதான் வாயைத் திறந்தான்.

"சாமி, எங்கம்மா இருமிக்கினே கெடக்குது. நீங்க கொஞ்சம் பாத்துக்கங்க. அவ்ளோதாங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "போர்மேன்கிட்ட லீவு கேக்க மாதிரில்லா இருக்கு" என்றான் பியூலாவின் அண்ணன் செல்வின்.

அய்யனார் மெல்ல எழுந்து, வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தான். இப்போது போனால் இனி வரமாட்டான் என்று பியூலாவுக்குத் தெரிந்தது. வாரம் முழுக்கக் கோத்து வைத்திருந்த ஜெபம் அவள் நாக்கு நுனியில் நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டாள்.

"சாமி, அய்யனாரோட அம்மாவுக்கு இருமல் நிக்கணுங்க. நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் நாங்க எல்லாரும் போய்ப் பாக்கிறோம். அவ்ளோதாங்க."

முதலில் "ஆமென்" சொன்ன குரல் அய்யனாருடையது. அவன் மறுபடி உட்கார்ந்திருந்தான்.

பல வருடங்கள் கழித்தும் அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் பியூலாவுக்கு நெஞ்சு இளகிவிடும். அதுவரை அவள் ஜெபித்ததெல்லாம் பக்கத்தில் இருப்பவர்கள் கேட்பதற்காக.