பாட்டறையின் பழைய காற்று

லம்துவன் தன் பூட்டிக்கிடந்த கரோக்கே அறையில் கஞ்சா வளர்ப்பதற்காகக் காற்றை வெளியேற்றும் விசிறியை மாட்டி முதன்முதலாக ஓடவிட்ட அன்று, குழாய் வழியாக முதலில் வந்தது சர்க்கரை ஆலைக் குமாஸ்தா ஒருவர் சுருதி பிசகிப் பாடிய பாட்டு. பாடியவர் தொற்றுநோய்க் காலத்திலேயே போய்ச் சேர்ந்திருந்தார். அவர் மனைவி அப்போது சந்துக்குள் தள்ளுவண்டியில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிக் கொஞ்ச நேரம் கேட்டாள். அவர்தான், எப்போதும் அந்த இடத்தில்தான் கோட்டை விடுவார் என்று சொல்லிவிட்டு மிச்சத் தக்காளியையும் பொறுக்கிப் போட்டாள். நோங் சாங் ஊரில் அன்று தக்காளி கொஞ்சம் மலிவு.

அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. பாடுகிற சத்தம் வெளியே போகக் கூடாதென்று லம்துவனின் புருஷன் இருந்த காலத்தில் நாலு சுவரிலும் பஞ்சு வைத்துச் சிவப்புத் துணி அடித்திருந்தார்கள். இருபது வருஷமாக ஏசி அதே காற்றைத்தான் குளிர வைத்துச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தது. நோய் வந்தது, கடை படுத்தது, புருஷனும் போனான். பிறகு கஞ்சாவை வீட்டிலேயே வளர்க்கலாம், யாரையும் பிடிக்க மாட்டோம் என்று அரசாங்கம் சொன்ன வருஷம், கோழி ரசத்தில் இரண்டு இலை கிள்ளிப் போடுவதற்கு மேல் அந்தச் செடியைப் பற்றி ஒன்றும் தெரியாத ஊர் மொத்தமும் விவசாயி ஆனது. லம்துவனும் விளக்குகளை வாங்கித் தொங்கவிட்டாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே செடிகள் வியர்த்தன, இலை மடங்கியது, பூவுக்குள் சாம்பல் நிறத்தில் பூஞ்சை கட்டியது. ஏசி மெக்கானிக் பிரசித் வந்து கதவைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தான். செடியும் மூச்சு விட வேண்டாமா, கீழே ஒரு ஓட்டை போட்டு நல்ல காற்றை உள்ளே விடணும், மேலே ஒரு ஓட்டை போட்டு சூட்டையும் ஈரத்தையும் இழுத்து வெளியே தள்ளணும் என்றான். பின்சுவர் கோயில் மதிலை ஒட்டியிருந்தது. பிக்குகளின் மூக்கில் கஞ்சாக் காற்றை ஊதிய பாவம் வேறு எதற்கு என்று மேல் ஓட்டையைச் சந்துப் பக்கம் வைத்தார்கள். வாசனை யாரையும் தொந்தரவு செய்யாமலிருக்க, கரி அடைத்த உருளை ஒன்றும் மாட்டினான் பிரசித். கரி வாசனையை ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டது. பாட்டைப் பிடிக்கவில்லை.

புதுக் காற்று மேலே கிடக்கும், பழையது அடியில் கிடக்கும், அதனால் கடைசி வருஷம்தான் முதலில் வரும் என்று பிரசித் விளக்கினான். அப்படித்தான் வந்தது. நாட்கள் பின்னோக்கி வந்தன. ஒரு நாளுக்குள் பேச்சு மட்டும் நேராக வந்தது. ஒருமுறை வந்தது மறுபடி வரவில்லை. பள்ளிக்கூடத்தில் மீட்டிங் என்று வீட்டில் சொல்லிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருந்த வாத்தியார் ஒருவர், தன் குரல் சந்தில் கேட்ட மறுநாளே மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். ஊர்ப் பெண்கள் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். செடிகளும் பிழைத்தன, இலை நிமிர்ந்து பச்சை கட்டியது. லம்துவனுக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை.

எதிரே பப்பாளிக்காயை மிளகாயோடு உரலில் இடித்து விற்கிற புவாலாய்தான் அதற்குக் காரணம். அவள் மகள் ரின் அந்த அறையில் பானம் பரிமாறுகிற வேலையில் இருந்தாள். பத்தொன்பது வயதில், ஒரு மழைக்காலத்தில் ஊரைவிட்டுப் போனவள் திரும்பவே இல்லை. போவதற்கு முந்தின நாள் ஏதோ உதட்டுச்சாயச் சண்டையில் புவாலாய் அவளைச் சந்தில் எல்லார் எதிரிலும் அறைந்திருந்தாள். என் கைதான் என் பிள்ளையை விரட்டியது என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கையால் அவள் சாப்பிடுவதில்லை, இடது கையால்தான் சாப்பிடுவாள். யாரோ ஒருத்தனோடு பைக்கில் போனதாகக் கேள்வி என்று லம்துவன் அப்போது சொன்னாள். சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லி, அவளே பாதி நம்பியும்விட்டாள். ஆனால் உண்மையில் நடந்த பேச்சு அந்த அறைக்குள்தான் நடந்தது, அது எங்கேயும் போகாமல் அடியில் கிடந்தது.

ஒருநாள் உலக்கையை உரலிலேயே விட்டுவிட்டு புவாலாய் வந்து கேட்டாள்.

"ரின் இருந்த வருஷம் எப்ப வரும்க்கா?"

லம்துவன் அதெல்லாம் யாருக்குத் தெரியும் என்று மழுப்பி, அன்றே விசிறியை நிறுத்தினாள். செடிகள் மறுபடி தலையைத் தொங்கப் போட்டன, பூஞ்சை ஏறியது. பிரசித் வந்து கத்தினான்; ஊர்ப் பெண்கள் நாற்காலியை எடுக்க மறுத்தார்கள். கடைசியில் லம்துவன் ஒரு வழி கண்டுபிடித்தாள். புத்தரின் விசேஷ நாளில் காலையில் சந்து மொத்தமும் கோயிலில் இருக்கும். அப்போது விசிறியை முழு வேகத்தில் போட்டு, ரின் இருந்த காலத்தையே ஒரே மூச்சில் ஊதித் தள்ளிவிடலாம்.

அப்படியே போட்டாள். ஆளில்லாத சந்தில் வருஷங்கள் கடகடவென்று போயின. எல்லாம் கலந்து கூச்சலாகத்தான் கேட்கும் என்று நினைத்திருந்தாள். ஆனால் அந்த நாள் வந்ததும் விசிறி என்ன வேகத்தில் ஓடினாலும் பேச்சு நிதானமாக, தெளிவாக வந்தது. முதலில், வேலைக்கு ஆள் பிடிக்கத் தெற்கே ஹாட்யாய் நகரத்திலிருந்து வந்த ஆளின் இருமல். பிறகு லம்துவனின் குரல், பதினைந்து வருஷம் இளசாக.

"பயப்படாதே. சாப்பாட்டுக் கடைதான். அந்தக் கடைய நானே எங்கண்ணால பாத்திருக்கேன்."

அவள் ஹாட்யாய்ப் பக்கமே போனதில்லை. அது சாப்பாட்டுக் கடை இல்லை என்று மட்டும் அவளுக்குத் தெரியும்.

"நீங்க பாத்திருந்தா சரி பெரியம்மா," என்றது ரின்னின் குரல்.

அடுத்து என்ன வரும் என்று லம்துவனுக்கு மனப்பாடம். அதைத்தான் இத்தனை வருஷமாக விழுங்கி வைத்திருந்தாள். இன்னும் ஒரு நொடி சும்மா நின்றிருந்தால் போதும், அது காற்றோடு போய்விடும், உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பெண் 'சரி' என்று சொன்ன விதம் அவளைப் பிடித்து உலுக்கிவிட்டது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். வெட்கமும் பயமும் தாங்காமல் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல் கோயிலுக்கு நடந்து, பிரார்த்தனைக்கு நடுவில் புவாலாயின் தோளைத் தொட்டாள்.

"உம்பொண்ணு உனக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னா. நான் சொல்லல. வா, அவளே சொல்லுவா."

ரின்னை அனுப்பி வைத்தது தான்தான் என்பதையும், எந்த மாதிரி இடத்துக்கு என்பதையும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். புவாலாய் குழாய்க்கு நேராக முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். லம்துவன் சுவிட்சைப் போட்டாள்.

"அம்மாகிட்ட சொல்லிடுங்க பெரியம்மா. அடிச்சதுக்காக நான் போகல. அது வலிக்கவே இல்ல. போய்ச் சேந்ததும் போன் பண்றேன்."

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. போன் வந்ததே இல்லை. ஹாட்யாய் ஆள் லம்துவனிடம் கொடுத்திருந்த விலாசத்தில் பிறகு விசாரித்தபோது அப்படி ஒரு கடையும் இல்லை, அந்தப் பெயரில் ஒரு பெண்ணும் இல்லை. புவாலாய் தன் வலது கையை மடியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். லம்துவனை அடிக்கவும் இல்லை, சபிக்கவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இதச் சொல்ல உனக்கு எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

அதற்குப் பிறகு விசிறி ஓடியது புவாலாயின் இஷ்டப்படி. மத்தியான வியாபாரம் முடிந்ததும் அவள் முக்காலியோடு வருவாள், லம்துவன் இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் போடுவாள். அந்த வேகத்துக்குச் செடி தாங்காது என்று பிரசித் கெஞ்சிப் பார்த்தான். தாங்கவில்லை, எல்லாம் அழுகியது. லம்துவன் அவற்றை வாரிக் குப்பையில் கொட்டிவிட்டு அடுத்த நாளும் சரியாக வந்து சுவிட்சைப் போட்டாள். ரின் சிரித்தாள், கண்ணாடிக் குவளை உடைத்துத் திட்டு வாங்கினாள், ஆளில்லாத நேரத்தில் மைக்கைப் பிடித்துப் பாடினாள். போகப் போக அவள் குரலில் பழக்கம் குறைந்து கூச்சம் ஏறியது. கடைசியில் அவள் வேலை கேட்டு வந்த நாள் வந்தது. அன்று பேசியது ரின் இல்லை, கூட வந்த புவாலாய்தான்.

"உன்ன நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்க்கா. பாத்துக்க."

புவாலாய் முக்காலி மேல் ஏறி, குழாயில் வாயை வைத்து, தன் பழைய குரலிடம் சொன்னாள்.

"விட்டுட்டுப் போகாதடி. கூட்டிட்டு வா."

குழாய்க்குள் செருப்புச் சத்தம் கொஞ்சம் தயங்கியது. பிறகு எப்படிப் போயிருந்ததோ அப்படியே போனது.

இனி ரின் இல்லாத வருஷங்கள்தான் பாக்கி. விசிறியை நிறுத்திவிடட்டுமா என்று லம்துவன் கேட்டாள். ரின்னுக்கு முன்னாடி இங்கே எத்தனை பொண்ணுங்க வேலை பார்த்தார்கள் என்று திருப்பிக் கேட்டாள் புவாலாய். லம்துவன் விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தாள். அப்படின்னா ஓடட்டும் என்று சொல்லிவிட்டு புவாலாய் பப்பாளி இடிக்கப் போனாள். மழை தொடங்குவதற்குள் பக்கத்து ஊர்களிலிருந்து அந்தப் பெண்களில் இரண்டு பேருடைய அம்மாக்கள் ஆளுக்கொரு முக்காலியோடு வந்து குழாய்க்குக் கீழே உட்கார்ந்துவிட்டார்கள். புவாலாய் அவர்களுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தாள், லம்துவன் மத்தியானமானால் சுவிட்சைப் போட்டாள்.