யாருடைய பாடம்?

நிசாந்தினியின் நூலகத்துக்கு வருகிற ஆசிரியர்களுக்கு ஒரு குறையும் இருக்காது. கனடாவில், மில்லிக்கனில் உள்ள அந்தத் தொடக்கப் பள்ளியில் ஆறு வருடமாக அவள்தான் நூலக ஆசிரியை. கணினிப் பொறுப்பும் அவளுடையதே. வகுப்பு உள்ளே வருமுன்பே மடிக்கணினிகள் சார்ஜ் ஏறி மேசைகளில் இருக்கும், வேண்டிய புத்தகங்கள் பக்கத்தில் அடுக்கியிருக்கும். பாடத்தைத் தயாரிப்பவளும் அவள்தான், நடத்துபவளும் அவள்தான். கூட வந்த ஆசிரியர் ஜன்னலோரக் கதிரையில் ஆறுதலாக இருந்து கொப்பி திருத்தலாம். யாராவது எழும்பி ஒரு கை கொடுக்க வந்தால், "விடுங்கோ, நான் பாக்கிறன்" என்று சிரித்தபடி திருப்பி அனுப்பிவிடுவாள்.

அவளுடையது மட்டக்களப்புக் குடும்பம். வீட்டுக்கு வந்தவர் சாப்பிட்ட கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிப் பக்கம் போனால் வீட்டுக்காரருக்கு மானம் போய்விடும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். அவளும் அந்தச் சட்டத்தை அப்படியே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். வந்தவர்களும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யார்தான் சொல்வார்கள்?

ஏப்ரல் கடைசியில் பள்ளி அதிபர் நடாஷா அவளை அறைக்குக் கூப்பிட்டார். சுற்றிவளைக்காமல் பேசுகிற மனிசி. செப்டெம்பரிலிருந்து நூலக ஆசிரியர் பதவியை எடுத்துவிட யோசிப்பதாகச் சொன்னார். அப்படி எடுத்தால் நிசாந்தினி வேறொரு பள்ளிக்கு வகுப்பாசிரியையாகப் போகவேண்டியிருக்கும். காரணத்தையும் மறைக்கவில்லை. நூலக நேரம் எதற்கு என்று ஆசிரியர்களைக் கேட்டாராம். எல்லோரும் ஓய்வுக்கு என்றார்களாம். ஓய்வு கொடுக்க ஒரு முழுநேர ஆசிரியை எதற்கு? மே முடியுமுன் ஒரேயொரு வகுப்பாசிரியராவது அவளோடு சேர்ந்து திட்டமிட்டு, சேர்ந்து கற்பிப்பதைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும், பிறகு முடிவு செய்வேன் என்றார்.

அன்று மாலை நிசாந்தினி காருக்குள் இருந்து அழுதாள். ஆறு வருடம் விழுந்து விழுந்து செய்ததற்கு அவர்கள் வைத்த பெயர் ஓய்வு. கோபம் ஆற இரண்டு நாள் எடுத்தது. மூன்றாம் நாள், ஆறாம் வகுப்பு ஆசிரியர் யூட்சனைப் பிடிப்பதென்று முடிவெடுத்தாள். அவன் மன்னார்க்காரரின் மகன், இங்கேயே பிறந்தவன், அவளைவிடப் பத்து வயது இளையவன். பிள்ளைகள் இல்லாத இடத்தில் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

அவனுடைய வகுப்பில் அப்போது தாவரங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளி வேலியோரம் முளைத்திருக்கும் செடிகளைப் பிள்ளைகள் படமெடுக்கவேண்டும். செடியின் பெயர் சொல்கிற செயலியிலும் நூலகத்துப் புத்தகங்களிலும் தேடி, இரண்டையும் ஒப்பிடவேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் பழக்கம் விடுமா? இருபத்திரண்டு பக்கத் திட்டம், மாணவர் தாள்கள், புள்ளியிடும் அட்டவணை எல்லாவற்றையும் ஒரே கிழமையில், ஏழே நாளில், தானே முடித்து, பள்ளி விட்டபிறகு அவன் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

யூட்சன் கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினான். "இதில நான் எங்க அக்கா?" என்று கேட்டான்.

பக்கத்தில் நின்றால் போதும் என்றாள் அவள். அவன் தாள்களை ஒழுங்காக அடுக்கி அவள் பக்கமே தள்ளிவைத்தான்.

"முதல் வருஷம் நான் ஒரு மேசையை இழுத்துப்போட வந்தனான். விடுங்கோ எண்டு சொன்னீங்கள். பிறகு ஒரு புத்தகம் சஜெஸ்ட் பண்ணினன், சிரிச்சுப்போட்டு வேற புத்தகம் எடுத்து வச்சீங்கள். அதுக்குப் பிறகுதான் நான் அந்தக் கதிரைக்குப் போனனான். உங்களுக்கு ஒருத்தரும் வேண்டாமெண்டு நினைச்சன்."

நிசாந்தினிக்கு முகம் சுட்டது. அந்த மேசை அவளுக்கும் நினைவிருந்தது.

"எனக்கு வேணும் தம்பி," என்றாள் கடைசியில். "கேக்கத்தான் தெரியேல்ல."

அதன்பிறகு இரண்டு கிழமை நூலகம் அமர்க்களப்பட்டது. அவளுடைய இருபத்திரண்டு பக்கத்தில் பதினைந்தை யூட்சன் வெட்டினான். ஒவ்வொரு வெட்டுக்கும் அவளுக்கு வயிறு எரிந்தது, சொல்லவும் சொன்னாள். புத்தகத்தை எப்படிப் பார்ப்பதென்று முதலில் படிப்பித்துவிட்டுத்தான் செயலியைக் கையில் கொடுக்கவேண்டும் என்பது அவளுடைய கட்சி. செயலியை முதலில் கொடுப்போம், பிள்ளைகள் பிழைவிடட்டும், அப்போதுதான் புத்தகத்தைத் தாங்களாகவே தேடி வருவார்கள் என்பது அவனுடையது. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில், பாதி வகுப்பு அவளுடைய வழியில் தொடங்குவது, மீதிப் பாதி அவனுடைய வழியில் தொடங்குவது என்று ஒப்புக்கொண்டார்கள்.

அதிபர் வந்த நாளில் நூலகம் சந்தை மாதிரி இருந்தது. சார்ஜ் போடும் வேலையை யூட்சனிடம் விட்டிருந்ததால் நாலு மடிக்கணினிகள் உயிரில்லாமல் கிடந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு ஓடப்போன கால்களை நிசாந்தினி பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டாள். யூட்சனின் பக்கத்தில் ஒரே களைக்குச் செயலி மூன்று மேசைகளில் மூன்று பெயர் சொல்லியிருந்தது. பிள்ளைகள் படங்களோடு புத்தக அடுக்குகளுக்கிடையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். நிசாந்தினியின் பக்கத்தில் பக்கம் புரட்டும் சத்தம் மட்டும் கேட்டது. ஆசிரியர் இருவரும் ஒருவர் பக்கத்து மேசைகளை மற்றவர் எட்டிப் பார்ப்பதும், தலையாட்டுவதும், குறுக்கே ஒரு கேள்வி கேட்பதுமாக இருந்தார்கள். கொப்பி திருத்தும் கதிரையில் யாரோ ஒரு பிள்ளையின் குளிர்ச்சட்டை கிடந்தது.

ஒழுங்கான பாடம் என்று இதை யாரும் சொல்லமாட்டார்கள், எல்லாம் முடிந்தது என்று நிசாந்தினி நினைத்தாள். ஆறு வருடத்தில் அவள் நடத்திய மிக அலங்கோலமான பாடத்தை அதிபர் வந்து பார்க்கிறார்.

நடாஷா சுபாங்கி என்ற சிறுமியின் அருகில் குனிந்தார். இது யாருடைய பாடம், நூலக மிஸ்ஸினுடையதா, உங்கள் யூட்சன் சேரினுடையதா என்று கேட்டார்.

சுபாங்கி புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. "அவர்கள் இரண்டு பேருக்கும் அதில்தான் சண்டை மிஸ். யாருடைய வழி சரியென்று நாங்கள்தான் கடைசியில் சொல்லப்போகிறோம்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கொஞ்சம் தள்ளி நிற்கும்படி அதிபரைக் கேட்டுக்கொண்டாள். அவர் நின்ற இடத்தில் வெளிச்சம் மறைந்ததாம்.

அதிபர் தள்ளி நின்றார். மணி அடித்து, எந்த வழி சரியென்று பிள்ளைகள் கையுயர்த்தி வாக்களித்து முடியும்வரை அங்கேயே நின்றார். பிறகு நிசாந்தினியிடம் வந்து, செப்டெம்பரில் வேறு பள்ளி தேடவேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். அவள் நன்றி சொல்ல வாயெடுக்கும்போது யூட்சன் குறுக்கே வந்து, வாக்கெடுப்பில் தன் பக்கம் இரண்டு வாக்குக் கூட என்றான். எண்ணினது பிழை, திரும்ப எண்ணவேண்டும் என்று நிசாந்தினி அங்கேயே தொடங்கிவிட்டாள்.